சிவகாமசுந்தரி அக்கா கேட்ட ஒரே கேள்வி

திருநீற்றுப் பொட்டலத்தை நீட்டினால் சிவகாமசுந்தரி அக்கா வேண்டாம் என்று சொன்னதே இல்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். ஆனால் நெற்றியில் இட்டுக்கொள்ள மாட்டார். காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வார். அன்று மாலைக்குள் அது வேண்டியவர் யாராவது ஒருவர் கைக்குப் போய்விடும். மின்தூக்கியில் கூட ஏறிய ஒரு வயதான அம்மாள், அவர் வேலை செய்யும் தாதிமை இல்லத்தில் படுத்திருக்கும் ஒரு நோயாளி, ஒருமுறை பேருந்து ஓட்டுநர். பதினெட்டு வருடமாக வெள்ளிக்கிழமைப் பொட்டலத்தை அவரிடம் கொடுத்து வந்தது நான்தான். சாமி இல்லை என்கிற ஒருவர் சாமி பிரசாதத்தை ஒரு துளி சிந்தாமல் எடுத்துப் போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

என் பெயர் லீலா. சிங்கப்பூரில் தேக்கா சந்தையின் மாடியில் ஒரு தையல் கடையில் ரவிக்கை பிரித்துத் தைக்கிறேன். ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் பேசுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அக்கா தன் வேலைச் சீருடையைச் சுருக்கவோ விரிக்கவோ கொண்டுவருவார். முக்காலியை இழுத்துப்போட்டு உட்காருவார். உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப் ஒன்றைப் பிட்டு எனக்குப் பாதி தருவார்.

அவர் பிறந்தது தஞ்சோங் பகாரில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பெரிய பக்தர். அக்காவுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான்.

"பேரு மட்டும் சிவகாமசுந்தரி, சாமி மட்டும் கெடையாதாக்கும்?" என்று கடைக்கு வந்த ஒருவர் ஒருமுறை சீண்டினார்.

"பேரு எங்கப்பா வச்சது லா. மாத்தணும்னா அரை நாள் லீவு போடணும், யாரு போடறது?" என்றார் அக்கா.

நம்பிக்கை எப்படிப் போயிற்று என்று நான் கேட்டிருக்கிறேன். பெரிய துக்கக் கதை எதையோ எதிர்பார்த்தேன். "கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல லீலா. இருபத்தாறு வயசுல ஒருநாள் உள்ளுக்குள்ள தேடிப் பாத்தேன், இல்ல. சாவி தொலைஞ்சா பதறுவோமே, அந்தப் பதட்டமும் இல்ல. அப்படியே வேலைக்குப் போயிட்டேன்" என்றார்.

தாதிமை இல்லத்தில் முப்பது வருடமாகக் கிழவர்களைக் குளிப்பாட்டுகிறார், திருப்பிப் படுக்க வைக்கிறார். தேவாரம் கேட்கிற நோயாளிக்குத் தேவாரமும் பாடுவார். அப்பா சொல்லிக்கொடுத்தது. ராகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். "உங்களுக்குத்தான் நம்பிக்கை இல்லையே" என்றேன். "கேக்கற தாத்தாவுக்கு இருக்குல்ல. எனக்குத் தொண்டை இருக்கு. போதாதா?"

இவ்வளவு சாதுவானவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யாராவது எதையாவது உறுதியாகச் சொன்னால், "அதை எங்க படிச்சீங்க?" என்று கேட்பார். கிரகணத்தைப் பற்றிச் சொன்னாலும் சரி, புதிதாக வந்த சத்துமாவைப் பற்றிச் சொன்னாலும் சரி. பதில் வரும்வரை விடமாட்டார். அதனால் கல்யாண வீடுகளில் அவர் பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

என் கணவர் மாணிக்கம் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மாத்திரையில் அடங்காமல் கடைசி இரண்டு வருடமாக இன்சுலின் ஊசி. தைப்பூசத்துக்கு மூன்று முறை காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டு இரண்டு முறை எடுத்துவிட்டார். மூன்றாவது பாக்கி. அவருடைய காவடிக் குழுவுக்குத் தலைவர் முத்தையா அண்ணன். கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணையில் மேற்பார்வை செய்கிறார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் மாமியார் இறந்தபோது மூன்று நாளும் எங்கள் வீட்டு வாசலைவிட்டு நகராதவர் அவர். உட்லண்ட்ஸில் தன் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஞாயிறுதோறும் கூட்டம் போடுவார். பஜனை, சொற்பொழிவு, சாப்பாடு.

அந்த டிசம்பரில் நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்கிய அன்று அவர் விதிகளைச் சொன்னார். உயிரைக் கொன்று எடுத்த எதுவும் உடம்புக்குள் போகக்கூடாது. முட்டை, மீன், ஜெலட்டின் உறையிட்ட மாத்திரை. அப்புறம் இன்சுலின். "மாட்டுக் கணையம், பன்னிக் கணையத்துலேருந்து எடுக்கறாங்க. எங்கம்மாவுக்குப் போட்டப்ப டாக்டரே சொன்னாரு. ஏத்திக்கிட்டு முருகன் முன்னால நிக்க முடியுமா?"

இது எனக்கு அப்போது தெரியாது. நான் கவனித்தது குளிர்பெட்டியைத்தான். கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் இன்சுலின் பேனாக்கள் இருக்கும். ஒரு வாரமாகியும் திறந்த பேனாவில் மருந்தின் அளவு இறங்கவே இல்லை. அவரோ குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறார், படியேறினால் மூச்சு வாங்குகிறார். சோதிக்கும் கருவியை எடுத்து அவர் விரலைக் குத்தினேன். பத்தொன்பது காட்டியது. இந்த ஊர்க் கணக்கில் எட்டு ஒன்பதுக்குள் இருக்க வேண்டியது.

"ஊசி போடலையா?"

"மாத்திரை போடறேன்ல. ஊசி மருந்து மாட்டுக் கணையத்துலேருந்து வருதுன்னு முத்தையா அண்ணன் சொல்லிட்டாரு. நாப்பத்தெட்டு நாள்தான், முருகன் பாத்துக்குவான். இதப் போய் யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத."

வெள்ளிக்கிழமை அக்கா வந்தபோது சொல்லிவிட்டேன். கறிபாப்பைக் காகிதத்தில் திருப்பி வைத்தார். "கணையமா? அது அந்தக் காலத்துல லா. இப்ப தோசை மாவு புளிக்குதே, அந்த மாதிரி பெரிய பெரிய தொட்டியில ஈஸ்ட்ட வச்சு செய்யறாங்க. மாடும் இல்ல பன்னியும் இல்ல. மரவள்ளிக்கிழங்கு கணக்கா சைவம்." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அவர் காவடி எடுக்கட்டும், எனக்கென்ன. ஊசியப் போட்டுக்கிட்டு எடுக்கட்டும். அந்தக் கூட்டத்துல கேள்வி கேக்க விடுவாங்களா?"

விடுவார்கள். அந்த ஞாயிறு கேள்வி-பதில் என்று குழுவின் வாட்ஸ்ஆப்பில் வந்திருந்தது. 'நாத்திகர்களும் வரலாம், வாதிடலாம்' என்று கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நாற்பது பேர் இருந்திருப்போம். அக்கா குடையும் கறிபாப் பொட்டலமுமாக வந்து கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கேள்வி நேரம் வந்ததும் எழுந்தார். முத்தையா அண்ணன் சிரித்த முகமாக, "வாங்க வாங்க. கடவுள் இல்லன்னு நிரூபிக்க வந்தீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"அதுக்கெல்லாம் நேரம் இல்லங்க, சாயந்திரம் எனக்கு டியூட்டி. இன்சுலின் மாட்டுலேருந்து எடுக்கறாங்கன்னு சொன்னீங்களாமே. அதை எங்க படிச்சீங்க?"

"நம்பிக்கை படிச்சு வர்றது இல்லம்மா."

"நம்பிக்கையக் கேக்கலங்க, ஊசியக் கேக்கறேன்."

"இதே கேள்விய ஒரு முஸ்லிம்கிட்டயோ கிறிஸ்தவர்கிட்டயோ போய்க் கேப்பீங்களா? நம்ம ஆளுங்கன்னா மட்டும் இளக்காரம்." கைத்தட்டல்.

"கேப்பேன். இப்ப உங்கள்ட்ட கேக்கறேன். ஊசி."

"தைப்பூசத்துக்கு இந்த ஊர்ல லீவு கூடக் கெடையாது. ரோட்டுல மேளம் அடிக்க எத்தனை வருசம் கெஞ்சினோம்! அதப் பத்தி என்னைக்காவது பேசியிருக்கீங்களா?" இன்னும் பலமான கைத்தட்டல். நானும் தட்டப் போய்விட்டேன், ஏனென்றால் அது உண்மை.

அக்கா தலையசைத்தார். "அது நியாயம்தாங்க. லீவு கேட்டு மனு எழுதுங்க, மொதக் கையெழுத்து நான் போடறேன். ஆனா இன்சுலின் எதுலேருந்து வருது?"

"பாத்தீங்களா? இப்படித்தான் ஆரம்பிக்கும். மொதல்ல விரதத்த வைவாங்க, அப்பறம் காவடிய நிறுத்தும்பாங்க, கடைசில கோவிலையே மூடுன்னுவாங்க. எந்தக் காலத்துலயும் நம்மள நசுக்கத்தான் பாத்திருக்காங்க. இப்ப நம்ம சொந்த சனமே கெளம்பியிருக்கு!"

அக்கா ஐந்தாவது தடவையாக அதையே கேட்டார். குரல் உயரவில்லை. முத்தையா அண்ணன் ஒலிவாங்கியின் கம்பியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விடை தெரியாது என்பது எனக்கு அப்போது புரிந்தது. தெரியாது என்று சொல்ல நாற்பது பேர் முன்னால் அவருக்கு வழியும் இல்லை.

என் கணவர் எழுந்துவிட்டார். "அக்கா, எங்க சாமிய விட்டுருங்க. போதும்."

"மாணிக்கம், உங்க சாமிய நான் தொடவே இல்ல. உங்க காலை நீங்க பாத்தீங்களா? நடக்கும்போது இழுக்கறீங்க" என்றார் அக்கா. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவழைத்தவளே நான்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அன்று மாலையே வாட்ஸ்ஆப்பில் சுற்றியது: 'நாத்திகப் பெண்மணி பக்தர் கூட்டத்தில் புகுந்து மிரட்டல்.' ஒரு குடையையும் கறிபாப் பொட்டலத்தையும் வைத்துக்கொண்டு மிரட்டியிருக்கிறார். அதை நான் பக்கத்துக் கடை பரீதா லாத்தாவிடம் காட்டினேன். முக்காடு, தொழுகை உடைகள் விற்பவர்; அவர்களில் அக்காவை லாத்தா என்பார்கள். படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"முஸ்லிம்கிட்ட கேப்பீங்களான்னா கேட்டாரு? அடி லீலா, மூணு வருசத்து நோன்புக்கு முந்தி எங்க வூட்டுக்காரர்கிட்ட இதே சண்டைதான்! இவுக ஊசி போடாம நோன்பு வைக்கறாகன்னு நான்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன். ஒங்க அக்கா வூட்டுக்கே வந்துட்டாக. எங்க மார்க்கத்துல தலையிடாதீங்க, எங்கள ஒதுக்கப் பாக்கறீங்கன்னு இவுக குதி குதின்னு குதிச்சாக. அக்கா அசையலையே! கடைசில பள்ளிவாசல்ல போய்க் கேட்டாக. டாக்டர் சொல்றதக் கேளுங்கன்னு அனுப்பிட்டாங்க. இப்ப அவுகளுக்கு நல்ல புள்ள மாதிரி ஊசி."

இதை வீட்டில் சொன்னேன். "அவங்க கதை வேற" என்று சொல்லி மாணிக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் இருபத்திரண்டு காட்டியது. கருவியை அலமாரியில் பூட்டிவிட்டார். விரதத்துக்காக வெளியே எங்கு போனாலும் செருப்பு இல்லை. வேலைக்கு மட்டும் கனமான பூட்ஸ். சாயந்திரம் வந்தால் காலுறையைக் கழற்றாமலே உட்கார்ந்திருப்பார்.

அடுத்த இரண்டாவது ஞாயிறு மதியம் முத்தையா அண்ணன் இரண்டு பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஓர் உறை. அதற்குள் தட்டச்சு செய்த இரண்டு பக்கக் கடிதம். ஒரு பிரதி போலீசுக்கு, ஒரு பிரதி அக்கா வேலை செய்யும் தாதிமை இல்லத்துக்கு. பாதிக்கப்பட்ட குடும்பம் என்று எங்கள் இருவர் கையெழுத்தும் வேண்டும். மாணிக்கம் ஏற்கெனவே போட்டுவிட்டார். பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

நான் தேநீர் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், விரல் வைத்து. நேரமாயிற்று.

"தங்கச்சி, செரமமா இருந்தா நான் படிச்சுக் காட்டவா?" என்றார் அண்ணன், அன்பாகத்தான்.

"இருங்கண்ணே. எனக்குப் படிக்கத் தெரியும். மெதுவாத்தான் தெரியும்."

'காலங்காலமாக ஒடுக்கப்பட்டு வரும் எங்கள் சமூகம்' என்று இருந்தது. 'நாத்திகச் சக்திகளின் திட்டமிட்ட தாக்குதல்' என்று இருந்தது. 'புண்பட்ட உள்ளங்கள்' நாலு இடத்தில். 'எங்கள் குடும்பத்தை அச்சுறுத்தி' என்று ஓர் இடம். முதல் பக்கம் முடித்தேன், இரண்டாம் பக்கம் முடித்தேன், திருப்பி முதல் பக்கத்துக்கு வந்தேன். தேநீரில் ஆடை கட்டிவிட்டது.

"அண்ணே, இதுல இன்சுலின்னு ஒரு எடத்துலயும் இல்லையே" என்றேன்.

அண்ணன் தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தினார்.

"அதெல்லாம் சின்ன விசயம்மா. இது நம்ம மானப் பிரச்சினை."

"அக்கா அது ஒண்ணுதான் கேட்டாங்க. அஞ்சு தடவ கேட்டாங்க. பக்கத்துல உக்காந்து எண்ணிக்கிட்டு இருந்தேன். ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க, அவங்க கேட்டது மட்டும் இல்ல."

"லீலா!" என்றார் மாணிக்கம். "நீ யாரு பக்கம்?"

"உங்க கால் பக்கம்."

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "மிரட்டினாங்கன்னு போட்டிருக்கு. மிரட்டல. கோவிலை மூடச் சொன்னாங்கன்னு போட்டிருக்கு. அது அவங்க சொன்னது இல்ல, நீங்க சொன்னது. இந்தப் பொய்க்குக் கீழ எம் பேரப் போட்டு ஒருத்தங்க வேலையக் கெடுத்துட்டு, வெள்ளிக்கெழம நான் எப்படி சன்னிதியில நிப்பேன்? லீவு இல்ல, மேளம் அடிக்க விடலன்னு எழுதுங்க, போடறேன். நம்மள யாராவது நெசமாவே அடிச்சா அதையும் எழுதுங்க, போடறேன். கேள்வி கேட்டதுக்குப் பேரு அடி இல்லண்ணே."

"இந்த வீட்டுக்குள்ளயும் நாத்திகம் நொழைஞ்சிருச்சு போல" என்றார் கூட வந்தவரில் ஒருவர்.

நான் சாமி அலமாரியைக் காட்டினேன். "காலையில அந்த வெளக்க ஏத்துனது யாரு, நீங்களா?"

பிறகு முத்தையா அண்ணனைப் பார்த்து, "இப்ப நானே கேக்கறேன். இந்தக் காலத்து இன்சுலின் எதுலேருந்து வருது? ஒரு தாள்ல எழுதிக் காட்டுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்" என்றேன்.

"எங்கம்மாவுக்கு டாக்டர்…" என்று தொடங்கினார்.

"உங்கம்மா போட்டுக்கிட்டது நாப்பது வருசத்துக்கு முந்தி. அப்ப அது சரியாவே இருந்திருக்கும். இப்ப?"

அவர் கடிதத்தை மடித்து உறையில் போட்டுக்கொண்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "இப்படித்தான் நம்மளப் பிரிக்கறாங்க" என்று மாணிக்கத்திடம் மட்டும் சொன்னார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து மாணிக்கத்தின் காலடியில் உட்கார்ந்தேன். கேட்காமல் இடது காலுறையைக் கழற்றினேன். சுண்டு விரலில் பூட்ஸ் கடித்த புண். விரலின் அடிப்பக்கம் கறுத்திருந்தது. வாடை வந்தது. அவர் குனிந்து பார்த்தார். வலிக்கவே இல்லை என்றார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் அரசு பாலிகிளினிக்குக்குக் கிளம்பினார், நானும் போனேன். இளம் சீன மருத்துவர், பெண். புண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. மருத்துவமனைக்கு எழுதிக்கொண்டிருந்தபோது மாணிக்கம் மெதுவாக, "டாக்டர், திஸ் இன்சுலின், ஃப்ரம் கௌ? ஃப்ரம் பிக்?" என்று கேட்டார்.

"நோ லா அங்கிள், லாங் டைம் அகோ. திஸ் ஒன் ஃப்ரம் ஈஸ்ட்."

"ஈஸ்ட்" என்று இரண்டு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டார். மருத்துவமனையில் தாதி ஊசியோடு வந்தபோது அவராகவே சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார்.

சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க முடியவில்லை. அவர் நேர்ந்துகொண்டதற்காக நான் பால்குடம் எடுத்தேன், பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவில் வரை. குழு எங்களுக்கு முன்னால் போனது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டோபி காட் பக்கம் திரும்பும்போது ஓரத்தில் சக்கர நாற்காலியில் மாணிக்கம் உட்கார்ந்திருந்தார். நாற்காலியைத் தள்ளிவந்தவர் சிவகாமசுந்தரி அக்கா. "தண்ணி குடிக்கலாமா, விரதத்துல அதுக்கும் தடையா?" என்று போத்தலை என்னிடம் நீட்டினார். "அதெல்லாம் குடிக்கலாம்" என்று மாணிக்கம் பதில் சொன்னார். அக்காவிடம் அவர் ஐந்து வாரத்தில் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அதற்குப் பிறகு இரண்டு தைப்பூசம் போய்விட்டது. கடிதம் என் கையெழுத்து இல்லாமலே போனது. போலீசிலிருந்து யாரும் வரவில்லை. தாதிமை இல்லத்தின் மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். அக்கா அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். வேலை போகவில்லை. ஆனால் இரண்டு வீடுகளில் இப்போது அவரை விசேஷத்துக்கு அழைப்பதில்லை. அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். மாணிக்கம் அவருக்கு நன்றி சொன்னதில்லை. தினம் இரண்டு வேளை ஊசி போட்டுக்கொள்கிறார். என்னைக் குழுவின் வாட்ஸ்ஆப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறேன், முத்தையா அண்ணனைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறேன். அவர் சில நாள் பதில் வணக்கம் சொல்கிறார். நாத்திகர்கள் ஒரு குடும்பத்தையே தன் குழுவிலிருந்து பிரித்தார்கள் என்று சொற்பொழிவில் இன்னமும் சொல்கிறாராம். இந்த வருட விரத விதிகளின் தாளை எங்கள் தையல் கடைக்கு வந்த குழுக்காரர் ஒருவர் காட்டினார். முட்டை இருக்கிறது, மீன் இருக்கிறது, ஜெலட்டின் இருக்கிறது. இன்சுலின் இல்லை. அந்தக் குழுவில் ஊசி போடுகிறவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரும் இப்போது விரதத்திலும் போட்டுக்கொள்கிறார்கள். முன்பு சொன்னது தவறு என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.